ஷிலியூ தின்ற உப்பு முள்ளங்கி

அவளே ஒத்துக்கொண்டாள், அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்கிறாள் டோஃபுக்காரி ஹாவ். சந்து முழுவதும் நின்று கேட்டதாம். சரி, கேட்டீர்கள். ஷிலியூ தன் வீட்டு வாசலில் நின்று, "ஆமா, நான்தான் குடுத்தேன்" என்று சொன்னது உண்மைதான். ஆனால் எதைக் கொடுத்ததாகச் சொன்னாள், யாருக்காகச் சொன்னாள், அதற்கு முன்னால் ஒருதரம் வாயை மூடிக்கொண்டு இருந்தாளே அது எதற்காக என்று யாராவது கேட்டீர்களா? இல்லை. இளவரசனுக்கு விஷப் பால் கொடுத்துக் கொன்றாள், அதற்குக் கூலியாக உயிரோடு வெளியே வந்தாள், வந்த பிறகும் அவள் கை சும்மா இருக்கவில்லை என்று நீங்களாகவே ஒரு கதையைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அந்தக் கதையில் அவளைத் தவிர எல்லாரும் நல்லவர்கள்.

ஆசைப்பட்டு அரண்மனைக்குப் போனாள் என்பது முதல் பொய். இந்தச் சந்தில் யார் ஆசைப்பட்டுப் போனார்கள்? பருவத்துக்கு ஒருமுறை தலையாரி வருவான், பிள்ளை பெற்றவள் யார், மாரில் பால் உள்ளவள் யார் என்று வீடு வீடாகப் பார்ப்பான், இத்தனை பேரை அனுப்பியே ஆகவேண்டும் என்பான். அந்தத் தடவை முதலில் கேட்டது ஹாவின் மருமகளைத்தான். ஹாவ் என்ன செய்தாள்? மருமகளைப் போர்வைக்குள் படுக்க வைத்து, நெற்றியில் சூடான கல்லை ஒற்றி, காய்ச்சல் என்று காட்டினாள். தலையாரி அடுத்த வீட்டுக்குப் போனான். அடுத்த வீடு ஒட்டகக்காரன் தெங் வீடு. தெங் மேற்கு மலையிலிருந்து கரி ஏற்றிக்கொண்டு வரப் போயிருந்தான். வீட்டில் அவன் அம்மாவும், பெண்டாட்டி ஷிலியூவும், அவள் மடியில் இன்னும் தலை நிற்காத பெண் குழந்தை லூயாவும் இருந்தார்கள். தலையாரி அவள் பாலில் ஒரு சொட்டை எடுத்து நகத்தின்மேல் விட்டுப் பார்த்தான். சொட்டு வழியாமல் மணி போல நின்றது. அவ்வளவுதான், அவள் விதி அந்த நகத்தின்மேல் நின்றுவிட்டது.

"குழந்தைக்கு யாரு பால் குடுப்பா?" என்று கேட்டாள் ஷிலியூ.

"தினைக் கஞ்சி குடுங்க. நான் கஞ்சி குடிச்சு வளர்ந்தவன்தான், பாக்கறீங்கல்ல" என்றான் தலையாரி.

"அதான் புத்தி இப்படி இருக்கு" என்றாள் மாமியார். ஆனாலும் மருமகளின் துணியை மூட்டை கட்டிக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள்? அனுப்பாவிட்டால் மகனின் ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அரண்மனையின் கிழக்கு வாசலுக்கு வெளியே இருக்கிறதே பால் வீடு, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆண் பெற்றவர்களுக்கு ஒரு வரிசை அறைகள், பெண் பெற்றவர்களுக்கு எதிர் வரிசை. அரண்மனையில் இளவரசன் பிறந்தால் பெண் பெற்றவளை எடுப்பார்கள். இளவரசி பிறந்தால் ஆண் பெற்றவளை. யார் வகுத்ததோ, அதை யாரும் மாற்றியதில்லை. இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் அவளை உயிரோடு வெளியே கொண்டுவரப் போகிறது.

பால் வீட்டில் இறைச்சிக்குக் குறைவில்லை. வேளைக்கு ஒரு கிண்ணம் பன்றிக்கால் சூப்பு, கொழுப்பு மிதக்கும். வாழ்நாளில் அவ்வளவு இறைச்சியை அவள் பார்த்ததில்லை. ஆனால் உப்புக் கிடையாது. பால் கொடுக்கிறவள் உப்புத் தின்றால் பால் கெட்டுப்போகும், குழந்தையின் குடல் சுண்டும் என்பது அரண்மனைச் சட்டம். ஒரு கல் உப்பு வாயில் பட்டால் பிரம்படி, அதனால் குழந்தைக்கு ஏதாவது ஆனால் கழுத்துக்குக் கயிறு. முதல் நாள் ஷிலியூ சூப்பை நக்கிக் குடித்தாள். பத்து நாளில் அதைப் பார்த்தாலே குமட்டியது. நீங்கள் ஒரு மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு அவளைப் பேசலாம். மகளை நினைத்து அழுதால் கண்ணீர் உதட்டுக்கு இறங்கும். அதை நக்குவாள். அங்கே அவளுக்குக் கிடைத்த உப்பு அது ஒன்றுதான்.

அந்தப் பால் வீட்டை மேய்த்தவள் ஃபாங் அம்மா. தலை நரைத்தவள், குரல் உயராதவள். எந்தப் பெண் எந்தத் தேவியின் அரண்மனைக்குப் போவது என்று தீர்மானிப்பவள் அவள்தான். ஒருநாள் ஷிலியூ முற்றத்தில் தனியாக உட்கார்ந்து மார்க்கச்சையைப் பிழிந்துகொண்டிருந்தபோது ஃபாங் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உம் பொண்ணு பேரு என்ன?"

"லூயா, அம்மா."

"யாரு மாதிரி இருக்கா?"

"மூக்கு மட்டும் எங்க மாமியாருது. அதுதான் கவலையா இருக்கு."

ஃபாங் அம்மா சிரித்தாள். சட்டைக் கைக்குள்ளிருந்து சுண்டுவிரல் அளவு உப்பு முள்ளங்கித் துண்டு ஒன்றை எடுத்து ஷிலியூவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "நான் பாக்கல. நீயும் பாக்கல" என்று எழுந்து போய்விட்டாள்.

ஷிலியூ அதைத் தின்றாள். நின்ற இடத்திலேயே, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தின்றாள். பிறகு கையையும் நக்கினாள். யாரிடமும் சொல்லவில்லை.

வசந்த காலத்தில் வென் தேவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. வென் தேவி சின்ன வயதுக்காரி, பயந்தவள். அரண்மனையில் அவளுக்கு மேலே சூ தேவி. இருபது வருஷத்துக்கு மேலாகச் சக்கரவர்த்தியின் பக்கத்தில் இருப்பவள், மகன் இல்லாதவள். சூ தேவிக்கு வென் தேவியின் மகனைக் கண்டால் வயிறு எரியும் என்று அரண்மனை முழுவதும் பேச்சு. எரிந்ததோ இல்லையோ, பேச்சு இருந்தது. பெண் பெற்றவர்களின் வரிசையிலிருந்து பால்காரியைப் பொறுக்க வேண்டிய நாளில் ஃபாங் அம்மா ஒருத்தரையும் நிறுத்திப் பார்க்கவில்லை. நேராக ஷிலியூவின் அறைக்கு வந்து, "கெளம்பு" என்றாள்.

அந்தக் குழந்தை அவளிடம் ஒட்டிக்கொண்டது. பால் குடிக்கும்போது அவள் சட்டைப் பித்தானை இடது கையால் பிடித்துக்கொள்ளும், பிடித்தபடியே தூங்கிப்போகும். இதை அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். மகளுக்குக் கொடுக்க வேண்டிய பாலை இன்னொருத்தி பிள்ளைக்குக் கொடுக்கிறோமே என்ற கோபம் முதல் சில நாள் இருந்ததாம். பிறகு அந்தப் பித்தான் பிடியில் கோபம் கரைந்துவிட்டதாம். கொல்ல நினைப்பவள் இப்படியா சொல்லிச் சொல்லி அழுவாள்?

ஃபாங் அம்மா அங்கும் வாரத்துக்கு ஒருதரம் வருவாள். வரும்போதெல்லாம் லூயாவைப் பற்றி ஒரு சேதி கொண்டுவருவாள். "பல்லு வந்துடுச்சாம்." "உங்க மாமியார் கன்னத்தக் கடிச்சு வெச்சுட்டாளாம்." உண்மையோ பொய்யோ, அதைக் கேட்கத்தான் ஷிலியூ மீதி நாளெல்லாம் காத்திருந்தாள். ஒருநாள் சேதியோடு சின்ன நீல ஜாடி ஒன்றும் வந்தது. மூடியில் பியோனிப் பூ.

"சூ தேவி அடுப்படியில போட்ட முள்ளங்கி" என்றாள் ஃபாங் அம்மா. "அந்தச் சமையக்காரி கை மாதிரி வராது. கொஞ்ச கொஞ்சமா வெச்சுத் தின்னு."

"யாருக்காவது தெரிஞ்சா, அம்மா?"

"இத்தன நாளா தெரிஞ்சுதா?"

ஜாடியைப் பஞ்சுக் கோட்டுக்குள் சுருட்டிக் கட்டிலடியில் வைத்தாள். அன்றே இரண்டு துண்டு தின்றாள். அடுத்த நாள் மூன்று. வயிறு லேசாகக் கடமுடா என்றது. நாக்குக்குக் கிடைத்த சுகத்தில் அதை அவள் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டது.

வைத்தியர் வந்தார். திரைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து ஷிலியூவின் நாடியைப் பார்த்தார். கைக்குழந்தைக்கு மருந்தை நேராகப் புகட்ட மாட்டார்கள். பால்காரி குடிக்க வேண்டும், அது பாலில் இறங்கிக் குழந்தைக்குப் போகும். ஆகவே கேள்வியும் அவளைத்தான் கேட்டார்.

"காரம், புளிப்பு, உப்பு, ஏதாவது வாயில பட்டுதா?"

"இல்லீங்க."

இந்த இடத்தில் அவளுக்காக வாதாட வரவில்லை. அந்த "இல்லீங்க" பொய்தான். அதை நம்பி வைத்தியர், குழந்தைக்குக் குளிர் தாக்கியிருக்கிறது என்று சூட்டு மருந்து எழுதினார். கிண்ணம் கிண்ணமாகக் கஷாயம் வந்தது. அவள் மறுக்காமல் குடித்தாள். நாக்கு கறுத்தது, உதடு வெடித்தது. குழந்தை துவண்டுகொண்டே போனது. தான் தின்ற உப்பால்தான் இப்படி ஆகிறது என்று நினைத்தாள் அவள். அவளுக்கு வேறு என்ன தெரியும்? உப்புத் தின்றால் குழந்தையின் குடல் சுண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே. முள்ளங்கியைத் தொடுவதை விட்டாள். கட்டிலடியில் ஜாடி இருக்கிற திசையைப் பார்ப்பதைக்கூட விட்டாள்.

வைத்தியர் மறுபடி வந்த அன்று, சொல்லிவிடுவோம் என்று எழுந்தாள். திரை வரைக்கும் போனாள். திரைக்குப் பக்கத்தில் ஃபாங் அம்மா நின்றிருந்தாள்.

"சொல்லப்போறியா?" என்று மெதுவாகக் கேட்டாள். "சொல்லு. உப்புத் தின்ன பால்காரிய என்ன செய்வாங்கன்னு உனக்கே தெரியும். லூயா நேத்திக்கு நின்னாளாம். சுவரப் புடிச்சுக்கிட்டு."

ஷிலியூ திரும்பி வந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

அது போனது ஒரு மத்தியான வேளையில். வெளியே மணற்காற்று அடித்துக்கொண்டிருந்தது, சன்னல் காகிதம் படபடவென்று அடித்தது. குழந்தை மாரைத் தேடியது. பிறகு தேடுவதை நிறுத்தியது. பித்தானைப் பிடித்திருந்த கையை அவள்தான் பிரித்தெடுத்தாள். வென் தேவி வந்து எடுத்துக்கொள்ளும்வரை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாளாம். வென் தேவி வந்தாள். ஷிலியூவை அடிக்கவில்லை. குழந்தையை வாங்கி, கால் சில்லென்று இருக்கிறதே என்று தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

அறையைச் சோதனை போட வந்தார்கள். கூட வந்தவள் ஃபாங் அம்மா. கட்டிலடியில் முதலில் கையை விட்டவளும் அவளே. நீல ஜாடியைத் தூக்கிப் பிடித்து, "இது சூ தேவி அடுப்படி ஜாடி இல்ல?" என்றாள். ஒரு துண்டை நாய்க்குப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நாய் முற்றத்தில் கழிந்துகொண்டே சுற்றியது. முள்ளங்கியில் பேதிக்குக் கொடுக்கிற நேர்வாளம் சேர்த்து ஊறப் போட்டிருக்கிறார்கள் என்றார் வைத்தியர்.

நேர்வாளம் என்ற வார்த்தை காதில் விழுந்தபோதுதான் ஷிலியூவுக்கு விளங்கியது. ஜாடியைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். ஃபாங் அம்மா அவளைப் பார்க்கவில்லை.

அவளை விறகு அறையில் போட்டுப் பூட்டினார்கள். மறுநாள் காலையில் ஃபாங் அம்மா கஞ்சி கொண்டுவந்தாள். கஞ்சியில் உப்புப் போட்டிருந்தது. ஷிலியூ கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

"ஏம்மா என்னைய?" என்று மட்டும் கேட்டாள்.

ஃபாங் அம்மா விறகுக் கட்டையின்மேல் உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. சுய்னு பேரு. சூ தேவிக்குத் தலை வாருற வேல. ஒருநாள் சீப்புல முடி சிக்கி, வேரோட வந்துடுச்சு. அதுக்கு அடிச்சாங்க. அடிச்சவங்க கை வலிச்சு நிறுத்தறப்ப அவ போய்ட்டா. அப்ப இந்தப் பொம்பள எப்படி மேல வந்துக்கிட்டிருந்தான்னு உனக்குத் தெரியாது. யாருகிட்டப் போய்ச் சொல்ல? பால் வீட்டுக்கு வேல மாத்திக் கேட்டு வாங்கினேன். வந்த ஒவ்வொரு பொண்ணு கையிலயும் ஒரு துண்டு முள்ளங்கி வெச்சேன். சிலபேரு வேணாம்னாங்க. சிலபேரு தின்னுட்டு அடுத்தவகிட்டச் சொல்லிட்டாங்க. தின்னுட்டு வாயத் தொறக்காம இருந்தவ நீ ஒருத்திதான். உன்ன மாதிரி ஒருத்திக்கு நான் இருவது வருஷம் காத்திருந்தேன்."

"அந்தக் கொழந்த என்ன செஞ்சுது?"

ஃபாங் அம்மா தள்ளிய கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். நாலு நாள் வயித்தால போகும், அப்புறம் தேறிடும்னு நெனச்சேன்" என்றாள். எழுந்து சட்டையைத் தட்டினாள். "நாளைக்குக் கூடத்துல கேப்பாங்க. யாரு குடுத்தான்னு. நான்னு நீ சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஜாடி அவளோடது. நீ எதுவுமே சொல்ல வேணாம். உனக்குப் பழக்கமானதுதானே, வாயத் தொறக்காம இருக்கறது. அது போதும்."

சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையைச் சொன்னால் நம்ப ஆள் கிடையாது. பொய் சொல்ல நாக்கு வராது. உப்புத் தின்றது நிஜம், வைத்தியரிடம் மறைத்தது நிஜம், எந்த வழியில் போனாலும் கயிறு. ஒரே ஒருதரம் லூயாவைப் பார்த்துவிட்டுச் சாகலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

கூடத்தில் பெரிய ராணி உட்கார்ந்திருந்தாள், சக்கரவர்த்தியின் தாயார். ஷிலியூவைக் குப்புறக் கிடத்தியிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தரைக் கல்லும், சூ தேவியின் செருப்பு நுனியும்தான்.

"இந்த முள்ளங்கிய உனக்குக் குடுத்தது யாரு?" என்று அந்தப்புர அதிகாரி கேட்டார்.

ஷிலியூ பேசவில்லை.

"சூ தேவி ஆளுங்க குடுத்தாங்களா?"

பேசவில்லை.

"இல்லன்னா இல்லன்னு சொல்லு."

அதையும் சொல்லவில்லை. இல்லை என்றால் வேறு யார் என்று கேட்பார்களே. அவள் நெற்றி தரையில் ஒட்டிக் கிடந்தது. இல்லை என்று சொல்லாததையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இவ மொகத்த நான் பாத்ததே இல்ல" என்றாள் சூ தேவி. ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு எதைச் சொல்லியும் பயனில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் அங்கே வாழ்ந்தவள் அல்லவா, இப்படி எத்தனை பேரை அவளே அனுப்பி வைத்திருப்பாள். அவளை வடகோடியில் அடைத்து வைக்கிற வீட்டுக்கு அனுப்பத் தீர்ப்பாயிற்று. அவளுடைய சமையற்காரிக்குக் கம்படி, அந்த அம்மாள் அதில் பிழைக்கவில்லை. அவளுடைய பணிப்பெண்கள் அத்தனை பேரும் நகரத்துக்கு வடமேற்கே இருக்கிற துணி வெளுக்கும் முகாமுக்கு. பால்காரிக்குக் கயிறு.

போவதற்கு முன்னால் ஏதாவது கேட்க விருப்பமா என்று பெரிய ராணி சூ தேவியைக் கேட்டாள். பெரிய இடத்துக்காரர்களுக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு. தன் பெண்களுக்காகக் கேட்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்தச் செருப்பு நுனி ஷிலியூவின் தலைப்பக்கம் திரும்பியது. அவள் கிடந்த இடத்தில் தரைக் கல் நனைந்திருந்தது. குழந்தை போய் இரண்டு நாளாகியும் பால் நின்றபாடில்லை, சட்டையைத் தாண்டிக் கசிந்துகொண்டிருந்தது.

"எளவரசனுக்குப் பால் குடுத்தவ. அப்ப பொண்ணு பெத்தவளாத்தான் இருப்பா" என்றாள் சூ தேவி. "வீட்டுல அந்தப் பொண்ணு இருக்கும். இவள அதுகிட்ட அனுப்பிடுங்க."

ஏன் அப்படிக் கேட்டாள் என்று கேட்காதீர்கள். ஷிலியூவுக்கும் கடைசிவரை தெரியாது. ஒரு சீப்புக்காகச் சின்னப் பெண்ணை அடித்துக் கொல்லச் சொன்னவளும் அவள்தான், இதைக் கேட்டவளும் அவள்தான்.

வாசல்வரை கொண்டுவிட ஃபாங் அம்மா வந்தாள். மூட்டையைக் கொடுத்தாள். அவள் முகம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தது போல வெளுத்திருந்தது.

"இதையும் அவளே செஞ்சுட்டா" என்றாள். "உன்னக் காப்பாத்தணும்னு நான் ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தேன். என்ன நம்பறியா?"

ஷிலியூ மூட்டையை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். கதவு சாத்திக்கொண்டது.

இதுதான் அவள் உயிரோடு வந்த விவரம். கூலி வாங்கி வந்தாள் என்கிறீர்களே, கையில் அந்த ஒரு துணிமூட்டைதான் இருந்தது. சட்டையில் ஒரு பித்தான் குறைந்திருந்தது. வென் தேவி வந்து வாங்குமுன் அதைப் பிய்த்து அந்தக் குழந்தையோடு வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது லூயா அடியில் கணப்பு மூட்டுகிற செங்கல் படுக்கையின்மேல் தன் பாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கஞ்சியில் வளர்ந்த குழந்தை, எலும்பும் தோலும். மூக்கு மட்டும் மாமியார் மூக்கு. பேச்சு வந்ததும் "யாரு இந்த அத்த?" என்று கேட்டது, அதற்குப் பிறகும் அத்தை என்றே கூப்பிட்டது. ஷிலியூ திருத்தவில்லை. தெங் கரி ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தான், அவள் சொன்னதையெல்லாம் கேட்டான், தலையைக் குனிந்துகொண்டு ஒட்டகத்துக்குத் தீனி போடப் போனான். நல்லவன்தான். ஆனால் நல்லவர்களால் என்ன முடிகிறது?

அவள் உப்பைத் தொடவில்லை. முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டால் மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டுத் தனக்கு வெறும் கஞ்சி. மாமியார் திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். "நீ உப்பில்லாமத் தின்னா செத்தது திரும்பி வருமாடீ?" என்றாள். "வராது, அத்த" என்றாள் ஷிலியூ. மறுநாளும் வெறும் கஞ்சிதான்.

சந்து அவளை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கே தெரியும். அவள் கிணற்றுக்கு வந்தால் கைக்குழந்தைக்காரிகள் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடுவார்கள். அவள் தொட்ட வாளியைக் கழுவி எடுப்பார்கள். அதையெல்லாம் வாயைத் திறக்காமல் தாங்கினாள். அது தனக்கு வரவேண்டியதுதான் என்று நினைத்தாள். எட்டு வருஷமானாலும் பத்து வருஷமானாலும் தாங்கியிருப்பாள்.

நாலு வருஷம் கழித்து ஒரு குளிர்காலத்தில் தெங் மகளுக்குப் பாகு தோய்த்த சிவப்பு ஹாதார்ன் பழங்கள் கோத்த குச்சி ஒன்று வாங்கி வந்தான். லூயாவுக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். அதற்கு விளையாடக் கூட்டாளி கிடையாது. அந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு நேராக ஹாவின் வீட்டு வாசலுக்குப் போய், அங்கே நின்றிருந்த ஹாவின் பேரன் பாவுக்கு ஒரு பழத்தைப் பிய்த்துக் கொடுத்தது. கூட்டாளி பிடிக்கக் குழந்தைக்குத் தெரிந்த வழி அது. பாவ் ஏற்கெனவே காய்ச்சாத சோயாப்பாலைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்திருந்தான், அதை அவன் அம்மாவே பிறகு சொன்னாள். சாயங்காலம் அவனுக்கு வயிற்றால் போயிற்று.

மறுநாள் காலையில் ஹாவ் சந்து சனத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தெங் வீட்டு வாசலில் இடமில்லை.

"எங்க அந்தக் குட்டி? வெளிய கொண்டா" என்றாள் ஹாவ். "ஆத்தா ராசா வீட்டுப் புள்ளையத் தின்னா. மக எம் பேரனத் தின்னப் பாக்குதா?"

"அஞ்சு வயசுக் கொழந்த, அதுக்கு என்ன தெரியும்?" என்றாள் மாமியார்.

"என்ன தெரியுமா? ரத்தத்துல இருக்கு. கைய நீட்டிக் குடுக்கற பழக்கம் இருக்குல்ல. சொல்லுடீ குட்டி, நீதானே குடுத்த?"

லூயா வாயைத் திறக்கவில்லை. பாட்டியின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கேட்கக் கேட்கப் பேசாமல் நின்றது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாத்தீங்களா, பேச மாட்டேங்குது. அப்ப அதுதான்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அடுப்படியில் இருந்த ஷிலியூவுக்கு அது கேட்டது. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். மகளின் குனிந்த தலையைப் பார்த்தாள். சந்துக்காரர்கள் பார்த்தது ஒரு குழந்தையை. அவள் பார்த்தது கூடத்துத் தரைக் கல்லை.

"ஆமா, நான்தான் குடுத்தேன்" என்றாள். "பழத்த நான்தான் எடுத்து அவ கையில வெச்சு, பாவ்கிட்டக் குடுன்னு அனுப்பினேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

ஹாவ் சண்டைக்கு வந்தாளே தவிர இதற்கு வரவில்லை.

"என்னடி சொல்ற நீ?" என்று மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பழம் வாங்கினது எம் புள்ள. நீ நேத்து முழுக்க மாவரைச்சுக்கிட்டு இருந்த. ஏன்டி பொய் சொல்ற?"

"நான்தான், அத்த. கேக்கறவங்க கேட்டுக்கட்டும். நான் இந்த வீட்டுல இனிமே இருக்கப் போறதில்ல. அவ உங்க பேத்தி. தெங் பொண்ணு. அவ்வளவுதான்."

உள்ளே போனாள். பழைய மூட்டைத் துணியிலேயே இரண்டு சட்டையைக் கட்டினாள். தெங் ஒட்டகத்தோடு ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றிருப்பான். மாமியார் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள், எங்கே போவாய் என்று கேட்டாள். வடமேற்கு வாசலுக்கு வெளியே துணி வெளுக்கும் முகாமில் எப்போதும் ஆள் எடுக்கிறார்கள் என்றாள் ஷிலியூ. அங்கே யார் இருக்கிறார்கள் என்று மாமியாருக்குத் தெரியும். சூ தேவியின் பெண்கள். இவள் திறக்காத வாயால் பனிக்கட்டித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டிருக்கிறவர்கள்.

"அவங்க உன்னக் கிழிச்சுப் போட்டுடுவாங்க."

"போடட்டும்."

பாவுக்கு அன்று மத்தியானமே சரியாகிவிட்டது. இன்று இரண்டு கையிலும் டோஃபு வாளி தூக்கிக்கொண்டு போகிறானே, அந்தத் தடியன்தான்.

வாசலில் கூட்டம் வழி விட்டது. ஷிலியூ படியில் கால் வைத்தபோது லூயா பாட்டியின் கால்சட்டையை விட்டுவிட்டு வந்தது. சட்டை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்த பழக் குச்சியை எடுத்தது. அதில் கடைசிப் பழம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நீட்டியது.

"இந்தாங்க, அத்த. நான் இத யாருக்கும் குடுக்கல."

ஷிலியூ எல்லாருக்கும் தெரிய அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். கொட்டையையும் துப்பவில்லை. மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே நடந்தாள்.